க்ரான்ல போட்டா 20 பைட் பேக்கப் வருது, ஏன்?

கேள்வி இதுதான்: உபுண்டு சர்வர்ல இருக்கற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை தினமும் ராத்திரி 2 மணிக்கு பிஜி டம்ப்ங்கற டூலால (டேட்டாபேஸை ஒரு ஃபைலா இறக்கறது) எடுத்து, பைப் வழியா, அதாவது ஒரு கமாண்டோட அவுட்புட்டை அடுத்ததுக்கு இன்புட்டா குடுத்து, ஜிஸிப்ல சுருக்கி ஒரு ஃபோல்டர்ல போடற மாதிரி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கீங்க. உங்க லாகின்ல கையால ஓட்டினா 400 எம்பி கிட்ட ஃபைல் வருது. மெஷின்ல எல்லா உரிமையும் இருக்கற ரூட் யூசரோட க்ரான்ல (சொன்ன நேரத்துக்கு வேலையை தானா ஓட்டற ப்ரோக்ராம்) போட்டா 20 பைட்ல ஒரு ஃபைல் மட்டும் வருது, எர்ரர் எங்கயும் காணோம்.

அந்த 20 பைட்லயே பாதி பதில் இருக்கு. ஒண்ணுமே இல்லாத இன்புட்டை ஜிஸிப் கிட்ட பைப்ல குடுத்தா அது சரியா 20 பைட்தான் எழுதும், ஹெட்டர் 10, காலி டேட்டா 2, கடைசில செக்சம்மும் நீளமும் 8. அதாவது பிஜி டம்ப் ஒரு எழுத்து கூட வெளிய விடாம செத்துப்போச்சு, ஜிஸிப் பாவம் தனக்கு வந்த ஒண்ணுமில்லாததை ஒழுங்கா சுருக்கி வச்சிட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிடுச்சு. ஷெல்லைப் பொறுத்தவரைக்கும் பைப்லைன்ல கடைசியா இருக்கற கமாண்டோட எக்ஸிட் கோடுதான் (முடியும்போது சொல்ற எண், 0ன்னா வெற்றி) மொத்த லைனோட எக்ஸிட் கோடு, ஜிஸிப் 0 சொல்லிச்சு, அதனால எல்லாம் வெற்றி.

பிஜி டம்ப் ஏன் செத்துச்சுன்னு கேட்டா யாரைக் கேட்டாலும் "பாத் பிரச்சனை"ன்னுதான் சொல்வாங்க, அதாவது கமாண்டை எந்த ஃபோல்டர்ல தேடணும்னு தெரியாம போறது. பொதுவா அது சரிதான், க்ரான் உங்க பாஷ் ஷெல்லோட செட்டிங் ஃபைலான பாஷ்ஆர்சியை படிக்கவே படிக்காது, அதுக்குத் தெரிஞ்ச பாத் /யூஎஸ்ஆர்/பின், /பின் இது ரெண்டுதான், ஷெல்லும் பாஷ் கிடையாது, /பின்/எஸ்ஹெச், அது உபுண்டுல 2006ல வந்த 6.10 லேந்தே டாஷ். ஆனா உங்க கேஸ்ல எனக்கு அது மேல சந்தேகம் கம்மி. ஏன்னா உபுண்டு பேக்கேஜ்ல போட்ட பிஜி டம்ப் /யூஎஸ்ஆர்/பின்லதான் இருக்கும், க்ரானுக்கு அது கண்ணுக்குத் தெரியும். சோர்ஸ்லேந்து கம்பைல் பண்ணி /யூஎஸ்ஆர்/லோக்கல்ல போட்டிருந்தாதான் பாத் மேல பழி போடலாம். நான் பந்தயம் கட்டுறது யார் ஓட்டுறாங்கங்கறது மேல. கையால ஓட்டறது நீங்க, க்ரான்ல ஓட்டறது ரூட். உபுண்டுல போஸ்ட்கிரெஸ் லோக்கல் சாக்கெட்ல பியர் ஆதென்டிகேஷன்தான் வச்சிருக்கும், லினக்ஸ் யூசர் பேரும் டேட்டாபேஸ் ரோல் (டேட்டாபேஸுக்குள்ள இருக்கற யூசர்) பேரும் ஒண்ணா இருந்தாத்தான் உள்ள விடும். ரூட்னு ஒரு ரோலே உங்க டேட்டாபேஸ்ல இருக்காது. இல்லன்னா நீங்க பாஷ்ஆர்சில பாஸ்வேர்டை பிஜிபாஸ்வேர்ட்ங்கற வேரியபிள்ல எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிருப்பீங்க, அது க்ரானுக்குப் போய்ச் சேராது. ரெண்டுல எதுன்னாலும் பிஜி டம்ப் ஸ்டாண்டர்ட் எர்ரர்ல தெளிவா சொல்லியிருக்கும், உங்களுக்குத்தான் வந்து சேரல.

ஏன் வந்து சேரலன்னு பாக்கறதுதான் எனக்கு இதுல முக்கியமாப் படுது. க்ரான் ஒரு வேலையோட அவுட்புட்டை மெயில்லதான் அனுப்பும், பழைய யூனிக்ஸ் மெஷின்ல எல்லாருக்கும் உள்ளயே மெயில்பாக்ஸ் இருந்த காலத்து பழக்கம் அது. இப்ப க்ளவுட்ல எடுக்கற விஎம்ல மெயில் சர்வரே (எம்டிஏ) இருக்காது. அப்ப க்ரான் என்ன பண்ணும்னா "நோ எம்டிஏ இன்ஸ்டால்ட், டிஸ்கார்டிங் அவுட்புட்"னு சிஸ்லாக்ங்கற சிஸ்டம் லாக் ஃபைல்ல ஒரு லைன் எழுதிட்டு உங்க எர்ரரை குப்பைல போட்டுடும். /வார்/லாக்/சிஸ்லாக்ல அந்த வரியைத் தேடிப் பாருங்க, ராத்திரி 2 மணிக்குப் பக்கத்துல கண்டிப்பா இருக்கும். எர்ரர் வந்திருக்கு, தூக்கிப் போட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

இன்னிக்கே டெஸ்ட் பண்ணணும்னா ராத்திரி 2 மணி வரைக்கும் முழிச்சிருக்க வேண்டாம். ரூட்டா மாறி, என்வ் மைனஸ் ஐ (எல்லா வேரியபிளையும் காலி பண்ணிட்டு ஓட்டறது) போட்டு ஹோம், பாத் ரெண்டை மட்டும் குடுத்து /பின்/எஸ்ஹெச்ல ஸ்கிரிப்டை ஓட்டுங்க, க்ரானுக்குள்ள எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அதே சூழ்நிலை, எர்ரர் கண்ணு முன்னாடியே வரும். (கமாண்டை எல்லாம் வாயால சொல்ற மாதிரி எழுதறேன், மேன் பேஜை ஒரு தடவை பாத்துட்டு அடிங்க, பேக்கப் விஷயத்துல காப்பி பேஸ்ட் பண்றதவிட அதான் நல்லது.)

சரி பண்றது சுலபம். ரூட் க்ரான்லேந்து எடுத்துட்டு போஸ்ட்கிரெஸ்ங்கற யூசரோட க்ரான்ல போடுங்க, பியர் ஆதென்டிகேஷன் தானா ஒத்துப்போகும், பாஸ்வேர்டே வேண்டாம். பேக்கப் ஃபோல்டருக்கு அந்த யூசருக்கு எழுதற உரிமை குடுத்துடுங்க. டேட்டாபேஸ் வேற மெஷின்ல இருந்து பாஸ்வேர்ட் தேவைப்பட்டா, ஸ்கிரிப்டுக்குள்ள எழுதாதீங்க, ஹோம் டைரக்டரில .பிஜிபாஸ் ஃபைல் வச்சு 0600 பெர்மிஷன் (ஓனர் மட்டும் படிக்க, எழுத) குடுங்க, குரூப்புக்கோ மத்தவங்களுக்கோ கொஞ்சம் திறந்திருந்தாலும் லினக்ஸ்ல அந்த ஃபைலை கண்டுக்காது. கூடவே பிஜி டம்புக்கு மைனஸ் சின்ன டபிள்யூ குடுத்தீங்கன்னா பாஸ்வேர்ட் கேட்டு தடுமாறாம நேரா ஃபெயில் ஆகும். ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே யூமாஸ்க் 077 போடுங்க, எழுதற ஃபைலை மத்தவங்க திறக்க முடியாது, கஸ்டமர் டேட்டா முழுக்க இருக்கற டம்ப் அந்த மெஷின்ல லாகின் இருக்கற எல்லாரும் படிக்கற மாதிரி கிடக்கறதை நிறைய இடத்துல பாத்திருக்கேன்.

இதோட உங்க கேள்விக்கு பதில் முடிஞ்சுது, ஆனா இதை மட்டும் சரி பண்ணிட்டு போனீங்கன்னா ஆறு மாசம் கழிச்சு வேற காரணத்துக்காக இதே 20 பைட் வரும், அப்பவும் உங்களுக்குத் தெரியாது. இது கற்பனை இல்ல, கோட் வச்சுக்கற சேவை நடத்தற கிட்லேப் கம்பெனில நடந்தது. 2017 ஜனவரி 31ஆம் தேதி அங்க ஒரு இன்ஜினியர் ரெப்ளிகேஷன் (பிரைமரி சர்வர் டேட்டாவை செகண்டரிக்கு காப்பி பண்றது) பிரச்சனையை சரி பண்ணும்போது, செகண்டரி சர்வர்னு நினைச்சு பிரைமரி சர்வரோட டேட்டா டைரக்டரியை அழிச்சிட்டார், சுதாரிச்சு நிறுத்தறதுக்குள்ள 300 ஜிபி கிட்ட போயிடுச்சு. அது யாருக்கும் நடக்கலாம், ராத்திரி நேரம், ரெண்டு டெர்மினல் திறந்திருக்கு, ப்ராம்ப்ட் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. பெரிய விஷயம் அதுக்கப்புறம்தான். தினமும் எடுத்துக்கிட்டிருந்த பிஜி டம்ப் பேக்கப் எங்கன்னு அமேசானோட எஸ்3 ஸ்டோரேஜ் பக்கெட்டைப் போய்ப் பாத்தா காலி. சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6, ஆனா பேக்கப் ஓடின மெஷின்ல 9.2 பிஜி டம்ப் ஓடிக்கிட்டிருந்திருக்கு, தன்னைவிட புது சர்வரை பிஜி டம்ப் தொடாது, எர்ரர் குடுத்துட்டு வெளிய வந்துடும். க்ரான் அந்த எர்ரரை மெயில்ல அனுப்பவும் செஞ்சுது. அந்த மெயிலுக்கு டிமார்க் (மெயில் நிஜமா யார் அனுப்பினதுன்னு சரிபாக்கற ஏற்பாடு) போடாததால போய்ச் சேர வேண்டிய இடத்துல அதை ஏத்துக்கல. கடைசில காப்பாத்தினது, ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக ஒருத்தர் கையால எடுத்து வச்ச எல்விஎம் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கோட அந்த நேரத்து நகல். கிட்டத்தட்ட 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். இதை எல்லாம் மறைக்காம அவங்களே முழுசா எழுதினாங்க, ரிகவரி வேலையை யூட்யூப்ல லைவ்வாவே காட்டினாங்க, அந்த தைரியத்துக்கு இன்னிக்கும் ஒரு சல்யூட்.

வெர்ஷன் மாறிப்போறது உங்களுக்கும் வரும், போஸ்ட்கிரெஸ் அப்கிரேட் பண்ற அன்னிக்கு பேக்கப் ஓடற மெஷின்ல க்ளையன்ட் பேக்கேஜை மறந்துடுவீங்க. அதனால ஸ்கிரிப்ட் சத்தமா ஃபெயில் ஆகணும், ஃபெயில் ஆனது உங்க காதுக்கு வரணும், ஓடவே இல்லன்னாலும் தெரியணும். இது மூணும் தனித்தனி வேலை, ஒண்ணு செஞ்சா இன்னொண்ணு தானா வராது.

முதல் விஷயம் ஸ்கிரிப்டுக்குள்ள. மேல முதல் வரில பாஷ்னு தெளிவா எழுதுங்க, அடுத்த வரி செட் மைனஸ் ஈ, யூ, ஓ பைப்ஃபெயில். பைப்ஃபெயில் இருந்தா பைப்ல எந்த கமாண்ட் செத்தாலும் மொத்தமும் ஃபெயில்னு கணக்கு. எஸ்ஹெச்னு எழுதிட்டு பைப்ஃபெயில் போட்டா டாஷ் அதை தெரியாத ஆப்ஷன்னு சொல்லி நின்னுடலாம், அதான் பாஷ்னு அழுத்திச் சொல்றேன். ஆனா உங்களுக்கு நான் சொல்றது அந்த பைப்பையே தூக்குங்கங்கறதுதான். பிஜி டம்புக்கு மைனஸ் பெரிய எஃப், சின்ன சி குடுத்தா கஸ்டம் ஃபார்மட்ல தானே கம்ப்ரஸ் பண்ணி எழுதும், ஜிஸிப்பே வேண்டாம், ரீஸ்டோர் பண்ணும்போது ஒரு டேபிளை மட்டும் எடுக்கவும் முடியும், பல ப்ராசஸ் வச்சு வேகமா ஏத்தவும் முடியும். ப்ளெயின் எஸ்க்யூஎல்ல டம்ப் எடுத்து வைக்கறதுக்கு சின்ன டேட்டாபேஸைத் தவிர எனக்கு ஒரு காரணமும் தெரியல.

செட் மைனஸ் ஈ மேல முழு நம்பிக்கை வைக்காதீங்க. இஃப் கண்டிஷனுக்குள்ள கூப்பிட்ட ஃபங்ஷன்ல அது வேலை செய்யாது, லோக்கல்னு போட்டு அதே வரில ஒரு கமாண்டோட அவுட்புட்டை வாங்கினா அந்த கமாண்ட் ஃபெயில் ஆனாலும் லோக்கலோட 0 தான் வரும், முதல்ல டிக்ளேர் பண்ணி அடுத்த வரில அசைன் பண்ணணும். இதை எல்லாம் மனப்பாடம் பண்ண முடியாது, ஷெல்செக்னு ஒரு டூல் இருக்கு, அதை எடிட்டர்ல போட்டு வச்சா தானே கோடு போட்டுக் காட்டும்.

டம்பை நேரா கடைசிப் பேர்ல எழுதாதீங்க. அதே ஃபோல்டர்ல ஒரு தற்காலிகப் பேர்ல எழுதி, சரியா இருக்கான்னு பாத்து, அப்பறம் எம்வி கமாண்டால கடைசிப் பேருக்கு மாத்துங்க. ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்ள ரீநேம் ஒரே மூச்சுல நடக்கற வேலை, பாதி எழுதின ஃபைல் பேக்கப் வேஷம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காது. டிஎம்பி ஃபோல்டர்ல எழுதிட்டு எம்வி பண்ணா அது வேற ஃபைல்சிஸ்டமா இருந்து காப்பி ஆகும், அப்ப இந்த நன்மை போயிடும். "சரியா இருக்கான்னு பாத்து"ன்னா என்னன்னா, பிஜி ரீஸ்டோர் லிஸ்ட்னு போட்டா உள்ள என்னென்ன டேபிள்னு காட்டும், ஆனா அது பொருளடக்கத்தை மட்டும்தான் படிக்கும், உள்ள டேட்டா பாதில அறுந்திருந்தாலும் சந்தோஷமா லிஸ்ட் குடுக்கும். பிஜி ரீஸ்டோரோட அவுட்புட்டை டெவ் நல்லுக்கு (எதைப் போட்டாலும் விழுங்கிடற இடம்) அனுப்பினா ஃபைல் முழுக்க படிச்சு விரிக்கும், எங்கயாவது உடைஞ்சிருந்தா அங்க கத்தும். 400 எம்பிக்கு இது பெரிய நேரமே இல்ல, தினமும் பண்ணலாம். மாசத்துக்கு ஒரு தடவை வேற ஒரு மெஷின்ல நிஜமாவே ரீஸ்டோர் பண்ணி, முக்கியமான டேபிள்ல கடைசி ரோ என்ன தேதின்னு பாத்துடுங்க.

பழசை அழிக்கற பகுதி ஸ்கிரிப்ட்லயே ஆபத்தான இடம். ஃபைண்ட்ல எம்டைம் ப்ளஸ் 14, டெலீட்னு எல்லாரும் எழுதறோம். ப்ளஸ் 14ன்னா முழுசா 15 நாள் ஆனதுலேந்துதான் எடுக்கும், அது பரவால்ல. டெலீட்டை கண்டிஷனுக்கு முன்னாடி எழுதிட்டீங்கன்னா ஃபைண்ட் இடமிருந்து வலமாப் படிச்சு வயசு பாக்காம எல்லாத்தையும் அழிச்சிடும். அதைவிட நைசா ஒரு விஷயம், புது பேக்கப் ரெண்டு வாரமா ஃபெயில் ஆகிட்டிருந்தாலும் இந்த வரி தன் கடமையை தவறாம செஞ்சு கடைசியா இருந்த நல்ல பேக்கப்பையும் அழிச்சிடும். அதனால அழிக்கற வேலை, இன்னிக்கு எடுத்தது செக் ஆகி எம்வி ஆனதுக்கு அப்பறம்தான் வரணும். ஃபோல்டர் பேரை வேரியபிள்ல வச்சா, அது காலியா இருந்தா ஸ்கிரிப்டே நின்னு போற மாதிரி முக்காற்புள்ளி கேள்விக்குறி போட்ட எக்ஸ்பேன்ஷனா எழுதுங்க. 2015 ஜனவரில லினக்ஸ்ல ஓடற ஸ்டீம் கேம் ஆப்போட ஸ்கிரிப்ட்ல இதே மாதிரி ஒரு வேரியபிள் காலியாப் போய் எல்லாத்தையும் கேக்காம அழிக்கற ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் ஸ்லாஷ்லேந்து ஆரம்பிச்சு ஓடிச்சு, சிலரோட ஹோம் டைரக்டரியோட சேத்து மாட்டியிருந்த எக்ஸ்டர்னல் டிரைவ் வரைக்கும் போச்சு.

ரெண்டாவது, சேதி காதுக்கு வர்றது. க்ரானை விட்டுட்டு உபுண்டுலயே இருக்கற சிஸ்டம்டி டைமருக்கு மாறிடுங்கங்கறது என் கருத்து, ஒரு ஃபைலுக்கு பதில் ரெண்டு ஃபைல் எழுதணுமேன்னு அலுத்துக்கறவங்க உண்டு, ஒரு தடவை எழுதினா முடிஞ்சுது. சர்வீஸ் ஃபைல்ல டைப் ஒன்ஷாட், யூசர் போஸ்ட்கிரெஸ், எக்ஸெக்ஸ்டார்ட்ல ஸ்கிரிப்டோட முழு பாத். அவுட்புட், எர்ரர் எல்லாம் ஜர்னல்ல போய் உக்காரும், ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ போட்டு அந்த சர்வீஸ் பேரைக் குடுத்தா நேத்து ராத்திரி என்ன சொல்லிச்சுன்னு அப்படியே தெரியும். ஆன்ஃபெயிலியர்னு ஒரு வரில இன்னொரு சர்வீஸைக் குடுத்தா ஃபெயில் ஆனதும் அது ஓடும், அதுல டெலிகிராமுக்கோ ஸ்லாக்குக்கோ ஒரு கர்ல் (யூஆர்எல்லைக் கூப்பிடற கமாண்ட்) போதும். டைமர் ஃபைல்ல ஆன்கேலண்டர், கூடவே பெர்சிஸ்டென்ட் ட்ரூ, 2 மணிக்கு மெஷின் ஆஃப்ல இருந்தாலும் ஆன் ஆனதும் விட்டுப்போனதை ஓட்டிடும், சாதா க்ரான் அதைப் பண்ணாது. முந்தின ஓட்டம் முடியலன்னா ரெண்டாவதை மேல ஏத்தாது, க்ரான்ல அதுக்கு எஃப்லாக் மைனஸ் என் போட்டு நீங்களே பூட்டணும். எழுதின டைம் சரியான்னு சிஸ்டம்டி அனலைஸ் கேலண்டர்னு குடுத்து அடுத்து எப்ப ஓடும்னு கேட்டுக்கலாம். அந்த நேரம் யூடிசியா ஐஎஸ்டியான்னும் பாருங்க, க்ளவுட் விஎம் பெரும்பாலும் யூடிசிலதான் வரும், உங்க ராத்திரி 2 மணி இங்க காலைல ஏழரை, ஆஃபீஸ்ல ஆளுங்க லாகின் பண்ண ஆரம்பிக்கற நேரத்துல டம்ப் ஓடிக்கிட்டிருக்கும்.

க்ரான்லயே இருக்கறதா இருந்தா சில குழிகள். க்ரான்டேப் (க்ரானோட வேலைப் பட்டியல்) வரில சதவீதக் குறி வந்தா க்ரான் அதை புது வரியா எடுத்துக்கிட்டு மிச்சத்தை கமாண்டுக்கு இன்புட்டா குடுத்துடும், தேதியை ஃபைல் பேர்ல சேக்கறவங்க எல்லாரும் ஒரு தடவை இதுல விழுவாங்க, ஸ்கிரிப்டுக்குள்ள எழுதிட்டா தொல்லை இல்ல. /ஈடிசி/க்ரான்.டெய்லில பேக்கப்.எஸ்ஹெச்னு புள்ளி வச்ச பேர்ல போட்டா டெபியன், உபுண்டுல அது ஓடவே ஓடாது, எர்ரரும் கிடையாது, பேர்ல எழுத்து, எண், அண்டர்ஸ்கோர், ஹைஃபன் மட்டும்தான் அனுமதி. தேதி, கிழமை ரெண்டு கட்டத்தையும் நிரப்பினா ரெண்டும் பொருந்தணும்னு அர்த்தம் இல்ல, எது ஒண்ணு பொருந்தினாலும் ஓடும், மாசத்தோட முதல் ஞாயிறுன்னு நினைச்சு 1-7, 0ன்னு எழுதினா முதல் ஏழு நாளும் ஓடி எல்லா ஞாயிறும் ஓடும். அப்பறம் எடிட் பண்ற க்ரான்டேப் மைனஸ் ஈக்கு பக்கத்துலயே கீபோர்ட்ல ஆர் இருக்கு, மைனஸ் ஆர் மொத்த க்ரான்டேபையும் ஒரு கேள்வி கேக்காம அழிச்சிடும், யாரு டிசைன் பண்ணாங்களோ. க்ரான்டேபை கிட்ல ஒரு காப்பி வச்சிருங்க.

மூணாவது, ஓடவே இல்லன்னா தெரியறது. மேல சொன்ன ஆன்ஃபெயிலியர், மெயில் எல்லாம் வேலை ஓடி ஃபெயில் ஆனாத்தான் பேசும். டைமரை யாரோ டிசேபிள் பண்ணிட்டாங்க, மெஷினையே மாத்திட்டாங்க, புது மெஷின்ல க்ரான்டேப் ஏத்த மறந்துட்டாங்கன்னா அங்க கத்தறதுக்கு யாரும் இல்ல. அதுக்கு தலைகீழா பண்ணணும், வெற்றியா முடிஞ்சா ஸ்கிரிப்ட் கடைசி வரில வெளிய இருக்கற ஒரு யூஆர்எல்லை கர்ல்ல தட்டணும், அந்தப் பக்கம் இருக்கறவன் "26 மணி நேரமா தட்டல் வரலையே"ன்னு உங்களுக்கு சேதி அனுப்பணும். ஹெல்த்செக்ஸ்னு ஓப்பன் சோர்ஸ்ல ஒண்ணு இருக்கு, அவங்க சர்வர்லயும் இலவசமா கொஞ்சம் வேலைகளுக்கு வச்சுக்கலாம், உங்க மெஷின்லயும் போட்டுக்கலாம், ஆனா பேக்கப் ஓடற அதே மெஷின்ல போடாதீங்க. கர்லுக்கு டைம் அவுட்டும் ரீட்ரையும் குடுங்க, இல்லன்னா நெட்வொர்க் ஒரு நிமிஷம் தடுமாறினதுக்கு காலைல பதறி எழுந்திருப்பீங்க. இந்த ஒரு வரி மேல சொன்ன எல்லாத்தையும்விட விலை கம்மி, பலன் ஜாஸ்தி. வேற எதுவும் பண்ண நேரம் இல்லன்னா செட் வரியும் இந்த கர்ல் வரியும் மட்டும் இன்னிக்கே போட்டுடுங்க.

டிஸ்க் பத்தி சுருக்கமா: டம்ப் பாதில நின்னு "நோ ஸ்பேஸ்"னு வந்து, டிஎஃப் மைனஸ் ஹெச்ல இடம் இருக்குன்னு காட்டினா டிஎஃப் மைனஸ் ஐ போட்டு ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு வேணும்) தீர்ந்துபோச்சான்னு பாருங்க. இடம் இல்லன்னு காட்டி டியூ கமாண்ட்ல கூட்டினா கணக்கு வரலன்னா, அழிச்ச லாக் ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வச்சிருக்கு, எல்எஸ்ஓஎஃப் ப்ளஸ் எல் 1 அதைக் காட்டிக் குடுக்கும், அந்த ப்ராசஸை ரீஸ்டார்ட் பண்ணாத்தான் இடம் திரும்ப வரும்.

கடைசியா ரெண்டு. பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும், ரோல், பாஸ்வேர்ட் எல்லாம் க்ளஸ்டர் லெவல்ல, அதாவது சர்வர் மொத்தத்துக்கும் பொதுவா இருக்கறது, அதுல வராது. புது மெஷின்ல ரீஸ்டோர் பண்ணும்போது "ரோல் இல்ல"ன்னு வரிசையா எர்ரர் வந்து நிப்பீங்க, அதனால பிஜி டம்ப்ஆல் க்ளோபல்ஸ் ஒன்லியை இதே ஸ்கிரிப்ட்ல ஒரு வரியா சேத்துடுங்க, சின்ன ஃபைல்தான், ஆனா பாஸ்வேர்ட் ஹேஷ் உள்ள இருக்கும், அதே 0600. இன்னொண்ணு, பேக்கப் அதே சர்வர்ல மட்டும் கிடந்தா டிஸ்க் போற அன்னிக்கு ரெண்டும் சேர்ந்து போகும். வேற மெஷினுக்கு அனுப்பும்போது டேட்டாபேஸ் சர்வர் தள்ளறதவிட பேக்கப் மெஷின் வந்து இழுத்துக்கிட்டுப் போறது நல்லது, அப்ப டேட்டாபேஸ் சர்வருக்குள்ள எவனாவது புகுந்தாலும் பழைய பேக்கப்பை அழிக்கற சாவி அவன் கைல கிடைக்காது. அந்த எஸ்எஸ்ஹெச் கீயையும் ஆதரைஸ்ட் கீஸ் ஃபைல்ல ரெஸ்ட்ரிக்ட் போட்டு, அந்த ஃபோல்டரைப் படிக்கற ஒரே கமாண்டுக்கு மட்டும்னு கட்டிப்போட்டுடுங்க.